சோடா கேஸும் பித்தளை வால்வும்

பட்டாசு ஊரில் கேஸ் சிலிண்டரைப் பைக்கில் கட்டிக்கொண்டு போகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. யாரும் அவன் வண்டியை ஒட்டி வரமாட்டார்கள். திருத்தங்கல் ரயில்வே கேட் மூடியிருக்கும்போது நான் போய் நின்றால், எனக்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு வண்டி நிற்கிற இடம் காலியாகிவிடும். "சோடா கம்பெனி கேஸ்தான் அண்ணாச்சி, தீப்பிடிக்காது" என்று ஒருமுறை பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். "போய்ச் சேந்தவுக எல்லாரும் அப்பிடித்தான்யா சொன்னாக" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சொன்ன எனக்கே அதில் நம்பிக்கை கிடையாது. சிலிண்டரை நனைத்த சாக்கால் சுற்றி, மேலே கயிறு கட்டி, வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஓட்டுவேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் குலதெய்வத்தைக் கூப்பிடுவேன். அந்தச் சாலையில் பள்ளங்களுக்குக் குறைவில்லை என்பதால் எங்கள் தெய்வத்துக்கு அந்த இரண்டு வருடமும் ஓய்வே இருந்திருக்காது.

அவ்வளவு பாடும் ஒரு மீன்தொட்டிக்காக. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. எங்கள் முதலாளி சிவகாசிக்கு வெளியே புதிதாகக் கட்டிய பங்களாவில், ஹாலின் ஒரு சுவர் முழுக்கக் கடலை வாங்கி வைத்தார். ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி. மீன்கள் கொஞ்சம்தான். முக்கியமானது பவளம், உயிருள்ள பவளம். மான்கொம்பு மாதிரி கிளைவிட்டது, மூளை மாதிரி சுருண்டது, காற்றில்லாமலே ஆடிக்கொண்டிருக்கிற விரல்களோடு ஒன்று. கண்ணாடியைச் சுத்தம் செய்ய நத்தைகள், சிவப்புக் கோடு போட்ட இறால் நான்கு. சென்னையிலிருந்து ஒருவர் வந்து, நான்கு நாள் தங்கி, எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்துவிட்டு, ஆங்கிலத்தில் மூன்று பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

பவளம் வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். தொட்டிக்குள் அடைபட்ட தண்ணீரில் அது நாளுக்கு நாள் தீர்ந்துகொண்டே வரும். அதைத் திரும்பக் கொடுக்கத்தான் கால்சியம் ரியாக்டர். பெயர்தான் பெரிது. தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் நிற்கும் இரண்டடிப் பிளாஸ்டிக் குழாய். அதற்குள் செத்த பவளத்தின் துண்டுகள். தொட்டித் தண்ணீர் அதற்குள் போய்ச் சுற்றும். சோடா கேஸைக் குமிழி குமிழியாக உள்ளே விட்டால் தண்ணீர் புளித்துப்போகும். புளித்த தண்ணீர் செத்த பவளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். அந்தத் தண்ணீர் ஒரு சின்ன வால்வு வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விழும். உயிரோடிருக்கிற பவளம் அதைக் குடித்து வளரும்.

கேட்க எளிது. ஆனால் கேஸ் கூடினால் தொட்டி முழுக்கப் புளித்து எல்லாம் சாகும், குறைந்தால் பவளம் பட்டினி கிடக்கும். நிமிடத்துக்கு முப்பது குமிழி, நாற்பது சொட்டு. காலையும் மாலையும் நான் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அலமாரிக்கு முன்னால் மண்டியிட்டு எண்ணுவேன். பங்களாவில் சமையல் செய்கிற அம்மா, "பூசை முடிஞ்சதா சாமி, காப்பி கொண்டாரட்டா?" என்பார்.

நான் ஏன் அந்த வேலைக்கு வந்தேன் என்பதைச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. அதற்கு முன் ஆறு வருடம் நான் முதலாளியின் பட்டாசு ஆலையில் மருந்து ரூமில் இருந்தேன். நாரணாபுரம் தாண்டி, ஒன்றுக்கொன்று எட்டி எட்டிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். அத்தனையிலும் எட்டி, தனியாக நிற்பது மருந்து ரூம். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் எல்லாவற்றையும் சலித்துக் கலக்கிற இடம். கதவுகள் எல்லாம் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். உள்ளே போகுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பிலிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுப் போக வேண்டும். இரும்பு ஆகவே ஆகாது, உரசினால் பொறி வரும். சல்லடை, கரண்டி, கதவின் கீல், ஆணி எல்லாம் பித்தளை, இல்லாவிட்டால் மரம். சாவிக்கொத்தைக்கூட வெளியே வைத்துவிட்டுத்தான் போவோம். ஆறு வருடப் பழக்கத்தில் இரும்பைக் கண்டால் என் கை தானாகப் பின்வாங்கும், பித்தளையைக் கண்டால் மனசு ஆறும்.

தொட்டி வந்த கோடையில் பக்கத்து ஆலையில் மருந்து ரூம் போயிற்று. போயிற்று என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள், வேறு சொல் சொல்ல நாக்கு வராது. நான் பார்த்தது புகையை மட்டும்தான். ஆனால் காலடியில் தரை ஒருமுறை தூக்கிப்போட்டது. மறுநாள் காலையில் சல்லடையை எடுத்தபோது என் கை நடுங்கியது. அடுத்த நாளும் நடுங்கியது. மருந்து சலிக்கிறவனின் கை நடுங்கினால் அவன் தனக்கு மட்டும் எமன் இல்லை. இதை வெளியே சொல்லவும் முடியாது. சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள், அல்லது அவர்களும் பயப்பட ஆரம்பிப்பார்கள். இரண்டாவதுதான் எனக்கு அதிகப் பயம்.

வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன், நான் பயந்தவன். சாவுக்குப் பயந்தேன். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி ஆலைக்கு வந்து, "ஏலே, நம்ம கம்பெனியில கெமிஸ்ட்ரி படிச்சவன் யாருலே?" என்று கேட்டார். விருதுநகரில் காலேஜ் முடித்தவன் நான் ஒருத்தன்தான். அவர் முடிப்பதற்குள் முன்னால் போய் நின்றேன்.

"மீன்தொட்டியப் பாத்துக்கிடுவியா?"

"பாத்துக்கிடுவேன் மொதலாளி."

"அதுல இருக்கிறது செத்துச்சுன்னா திரும்ப நீ மருந்து ரூமுக்குத்தான். தெரிஞ்சுக்கோ."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அவருக்கு அது விளையாட்டு. எனக்கு அது தீர்ப்பு. அன்றிலிருந்து அந்தத் தொட்டியின் உயிரும் என் உயிரும் ஒன்று என்றே நினைத்தேன்.

மருந்து ரூமில் என் இடத்துக்குப் போனவன் என் கூட்டாளி. ஆலையில் போர்மேன். என் வயதுதான், நாங்கள் ஒருவரையொருவர் மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அவனிடம் கேட்டேன். காரணம் கேட்டால் என்ன சொல்வது என்று பத்துப் பொய் தயார்செய்து வைத்திருந்தேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. என் கைகளைப் பார்த்தான். "போலே, போய் மீனுக்குச் சோறு போடு" என்றான். கொஞ்ச நாள் இரண்டு வருடமானது.

பங்களாவில் எனக்குப் பயம் போய்விட்டதா என்றால், இல்லை. இடம்தான் மாறியது. முதல் மாதமே ஒரு கூத்து நடந்தது. காலிச் சிலிண்டரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினேன். வாஷர் சரியாக உட்காரவில்லை. வால்வைத் திறந்ததும் 'உஸ்' என்று சீறியது. அடுத்து எனக்கு நினைவிருப்பது பங்களாவின் வெளிக்கேட். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு முன்பே வாட்ச்மேன் ரோட்டுக்கு அந்தப்பக்கம் நிற்கிறார். சமையல்கார அம்மா கரண்டியோடு வேப்பமரத்தடியில். முதலாளி பாதி சவரம் செய்த முகத்தோடு, பனியனில், கார் ஷெட்டுக்குப் பின்னால். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எங்கள் ஊரில் சீறும் சத்தம் கேட்டால் என்னவென்று பார்க்கமாட்டோம், முதலில் ஓடுவோம். பார்த்துவிட்டு ஓடலாம் என்று நின்றவர்கள் எங்களில் குறைவு.

"சோடா கேஸுதான மொதலாளி" என்றேன் மூச்சு வாங்கிக்கொண்டே.

"அப்ப நீ ஏம்லே ஓடியாந்த?" என்றார். அப்புறம் நாங்கள் நான்கு பேரும் சிரித்தோம். எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, அரைமணி நேரம் கழித்து நான்தான் முதலில் உள்ளே போனேன். சிரித்துக்கொண்டுதான் போனேன், ஆனால் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனேன்.

முதலாளி அந்தத் தொட்டியைப் பந்தாவுக்காக வாங்கியிருப்பார் என்றுதான் நான் ஆரம்பத்தில் நினைத்தேன். வடக்கிலிருந்து ஆர்டர் பேச வரும் ஆட்கள் அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அவர் தினமும் காலையில் ஆலைக்குக் கிளம்பும் முன் காப்பித் தம்ளரோடு வந்து அதற்கு முன்னால் உட்காருவார். போன் அடித்தால் எடுக்கமாட்டார். ஒருநாள் என்னிடம் திரும்பாமலே, "இந்த ஊர்ல தீப்பிடிக்காத ஒரே எடம் இதாம்லே" என்றார். அவருக்கும் பயம் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

வாரத்துக்கு இரண்டு நாள் தண்ணீரைச் சோதிப்பேன். சின்னக் கண்ணாடிக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நீலம் எத்தனையாவது சொட்டில் மஞ்சளாகிறது என்று பார்க்க வேண்டும். எட்டில் மாறினால் நிம்மதி. ஆறில் மாறினால் அன்று சாப்பாடு இறங்காது. ரியாக்டரைக் கழற்றி, மோட்டாரில் அடைத்த மாவைக் கழுவி, தேய்ந்துபோன பவளத் துண்டுகளைக் கொட்டிவிட்டுப் புதியதை நிரப்புவேன். மாலையில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் தொட்டி செத்த கதையை எழுதியிருப்பதைப் படிப்பேன். பக்கத்து இருக்கைகளில் இருக்கும் பையன்கள் சினிமா நடிகை படம் பார்ப்பார்கள். நான் செத்த பவளத்தின் படத்தைப் பார்த்து வியர்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. பவளம் வளர்ந்தது. மான்கொம்பு நான்கு விரற்கடை நீண்டது. முதலாளி அதை ஸ்கேல் வைத்துப் பார்த்தார்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, சொட்டு விழும் அந்தச் சின்ன வால்வு உடைந்தது. பிளாஸ்டிக் வால்வு, உள்ளே மாவு கட்டி இறுகியிருந்தது. நான் கொஞ்சம் அழுத்தித் திருகிவிட்டேன். மரை விட்டுப் போயிற்று. சென்னைக்காரருக்குப் போன் செய்தேன். அந்த வால்வு கையிருப்பில் இல்லை என்றார், வெளிநாட்டிலிருந்து வர இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றார். அவ்வளவு நாள் ரியாக்டரை நிறுத்தினால் பவளம் பட்டினி. வால்வு இல்லாமல் ஓட்டினால் புளித்த தண்ணீர் சரசரவென்று தொட்டியில் இறங்கும். எந்தப் பக்கம் போனாலும் எனக்குத் தெரிந்தது மருந்து ரூம்தான்.

சிவகாசி பஜாரில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் அந்த அளவில் ஒரு வால்வை எடுத்துக் கொடுத்தார். நல்ல ஸ்டீல், பளபளவென்று இருந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கை கூசியது. "இரும்பு வேண்டாம் அண்ணாச்சி, பித்தளையில இருக்கா?" என்றேன். "இது எவர்சில்வருய்யா, துருப்பிடிக்காது" என்றார். துரு யாருக்குக் கவலை? எனக்கு இரும்பு இரும்புதான். அவரிடம் பித்தளையில் அந்த அளவு இல்லை. நான் நேராக ஆலைக்குப் போனேன்.

என் கூட்டாளி மருந்து ரூமிலிருந்து வெளியே வந்தான். தலைமுடி, புருவம், காது எல்லாம் அலுமினியப் பவுடர் ஏறி வெள்ளையாக மின்னியது. அந்த முகத்தோடு சிரித்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். "பசைத் தொட்டிக்குப் போடுற பித்தளை வால்வு ஸ்டோர்ல கெடக்குடா மாப்ளே. எடுத்துத் தாறேன். பித்தளைன்னா பயமில்ல" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பித்தளைக்குப் பயப்பட வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் யாரும் சொல்லித்தந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனே பங்களாவுக்கு வந்தான். மரையில் டேப் சுற்றி, சொட்டுக் கசியாமல் மாட்டிக் கொடுத்தான். முதலாளி குடும்பத்தோடு மதுரைக்குப் போயிருந்தார். வேலை முடிந்ததும் அவன் தொட்டிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "இது கல்லா, செடியா, உசுரா மாப்ளே?" என்றான். மூன்றும்தான் என்றேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "ஓஹோ, இதப் பாத்துக்கிட்டு உக்காரத்தான் என்னய அங்கன தள்ளி விட்டியாக்கும்" என்று என் தொடையில் ஒரு அடி அடித்துச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேலிதான் என்று தெரியும், இருந்தாலும் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பத்து நாளில் நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழ ஆரம்பித்தன. முதல் நாள் இரண்டு, மறுநாள் ஐந்து. மல்லாந்து கிடந்தன. அப்புறம் இறால்கள். ஒன்று பாறை இடுக்கில் செத்துக் கிடந்தது, மற்றவற்றைக் காணவே இல்லை. நான் தண்ணீரைச் சோதித்தேன். எட்டாவது சொட்டில் மஞ்சளானது. சுண்ணாம்புச் சத்து சரி. குமிழி முப்பது. சொட்டு நாற்பது. உப்பு சரி. எல்லாம் சரியாக இருந்ததுதான் என்னைக் கதிகலங்கச் செய்தது. ஏதாவது ஒன்று தப்பாக இருந்திருந்தால் அதைப் பிடித்துத் தொங்கியிருப்பேன்.

பிறகு பவளம் மூடிக்கொண்டது. ஆடிக்கொண்டிருந்த விரல்கள் உள்ளே இழுத்துக்கொண்டன. மான்கொம்பின் நுனி வெளுத்தது. முதலாளி காப்பியோடு வந்து உட்கார்ந்து, "என்னலே, இன்னைக்கு ஒண்ணும் எந்திரிக்கல?" என்றார். "வெயிலு மொதலாளி, தண்ணி கொஞ்சம் சூடு" என்றேன். ஏசியைக் கூட்டினேன். மறுநாள் லைட்டைக் குறைத்தேன். அதற்கு மறுநாள் தண்ணீர் மாற்றினேன். எதற்கும் மசியவில்லை. வெளுப்பு தினமும் ஒரு விரற்கடை கீழே இறங்கியது. சோதனைக் குப்பியில் மருந்து விடும்போது சொட்டுக் கணக்குத் தப்பியது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன்.

மூன்று வாரம் என் மனைவி பொறுத்துப் பார்த்தாள். ஒரு சாயங்காலம், பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு நான் எழுந்தபோது கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "என்ன நடக்குன்னு இப்பச் சொல்லுதீகளா, இல்ல நான் மொதலாளி வீட்டுக்கு வந்து கேக்கட்டா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கேஸ், குமிழி, புளித்த தண்ணீர், வால்வு உடைந்தது, கூட்டாளி புதிதாக மாட்டிக் கொடுத்தது, அதற்கப்புறம் ஒவ்வொன்றாகச் சாவது. அவள் ரசத்தைக் கலக்கிக்கொண்டே கேட்டாள். பாதியில் கரண்டி நின்றது.

"அந்தத் தண்ணி புளிச்ச தண்ணின்னா சொன்னீக?"

"ஆமா."

"வால்வு பித்தள?"

"ஆமா."

"ஏங்க, ஈயம் பூசாத பித்தளச் சட்டியில யாராச்சும் புளிக்கொளம்பு வைப்பாகளா? களிம்பு ஏறாதா? எங்க தெருவுல சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரியும். நீங்க என்னத்தக் கெமிஸ்ட்ரி படிச்சீக?"

எச்சில் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தேன். பித்தளையில் செம்பு இருக்கிறது. புளிப்பு செம்பைக் கரைக்கும். செம்பு நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் விஷம். இதில் எந்த வரியும் எனக்குத் தெரியாததல்ல, பரீட்சையில் எழுதிப் பாஸானவன். சென்னைக்காரர் எழுதிய மூன்று பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது பக்கத்தில், தண்ணீர் படும் இடத்தில் உலோகம் எதுவும் கூடாது என்று இருந்தது. அந்த வரியை நான் இருபது தடவையாவது படித்திருப்பேன். உலோகம் என்றால் இரும்பு என்றே என் கண் படித்தது. நானே நிமிடத்துக்கு நாற்பது சொட்டு என்று எண்ணி எண்ணி விஷம் கொடுத்திருக்கிறேன்.

விடிந்ததும் பங்களாவுக்கு ஓடினேன். வால்வைக் கழற்றினேன். உள்ளே பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மண்டியிட்டிருந்தபோது பின்னால் முதலாளி நின்றார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தொட்டியைப் பார்த்தார். மான்கொம்பு அடிவரை வெளுத்திருந்தது. கையை நீட்டினார். வால்வைக் கொடுத்தேன். காரணம் என்னவென்று சொன்னேன், அதை ஒளிக்கவில்லை.

அவர் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். கத்தவில்லை. வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்ம ஸ்டோர் சாமான்லா?" என்றார். "எவம்லே இத மாட்டுனது?"

என் கண்ணுக்கு முன்னால் மருந்து ரூமின் வாசலில் இருக்கும் செம்புத் தகடு தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது. வாய் என்னைக் கேட்காமல் பேசியது.

"போர்மேன்தான் மொதலாளி கொண்டாந்து மாட்டுனான்."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. கேட்டு வாங்கியவன் நான் என்பதை மட்டும் விழுங்கினேன்.

"உங்கிட்டச் சொல்லாமயா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அது உண்மை இல்லை. அது முழுப் பொய், வாயைத் திறக்காமல் சொன்ன பொய்.

முதலாளி அங்கே நின்றபடியே ஆலைக்குப் போன் போட்டார். அவன் இன்றிலிருந்து நம் கேட்டுக்குள் வரக்கூடாது என்று மட்டும் சொன்னார். போனை வைத்தார். எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதிதான் வந்தது. தப்பித்தேன் என்று உடம்பு தளர்ந்தது. கூட்டாளியின் முகம் அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அந்த நிம்மதி ஒரு நிமிடம் இருந்திருக்குமா என்பது சந்தேகம். முதலாளி தன் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார்.

"சீசன் வருது. மருந்து ரூம் ஒருநா நிக்கக்கூடாது. அங்கன வேல தெரிஞ்சவன் வேற எவன் இருக்கான்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "நீதான இருக்க. திங்கக்கெளம இருந்து போயிரு."

"தொட்டி மொதலாளி..."

"தொட்டியில இனி என்னலே இருக்கு?"

கோபத்தில் சொல்லவில்லை. தண்டனையாகவும் சொல்லவில்லை. வண்டிக்கு டிரைவர் வரவில்லை என்றால் வேறு ஒருவனைப் போகச் சொல்வது போலச் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் எனக்கு ஆறாதது ஒன்று உண்டு. உண்மையைச் சொல்லியிருந்தால் அவனை நிறுத்தியது போல அவர் என்னைத்தான் வேலையைவிட்டு நிறுத்தியிருப்பார், நான் தப்பித்திருப்பேன். நான் பயந்துபோய் அவனை அந்த அறையிலிருந்து வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தை எனக்கே காலிசெய்து வைத்துக்கொண்டேன்.

கூட்டாளி வீட்டுக்குப் போகத் தைரியமில்லை. மனைவியிடம் சொல்லவும் தைரியமில்லை. பவளம் செத்துவிட்டது, முதலாளி ஒன்றும் சொல்லவில்லை என்று மட்டும் சொன்னேன். அவள் தெய்வத்துக்கு விளக்கு வைத்தாள். வெள்ளி போயிற்று, சனியும் போயிற்று. ஞாயிறு சாயங்காலம், விடிந்தால் மருந்து ரூம் என்று நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, வாசலில் கூட்டாளியின் மனைவி வந்து நின்றாள்.

திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றும் நினைத்தேன். என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவள், நல்லது கெட்டதுக்கெல்லாம் எங்கள் வீட்டில் வந்து நிற்கிறவள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது.

"அண்ணே, இருக்கன்குடி கோயிலுக்குப் போயிட்டு நேரா வாரேன்" என்றாள். "நீங்க கேட்டுத்தான் அவுக அந்தப் பித்தளய எடுத்துக் குடுத்தாகன்னு எனக்குத் தெரியும். அவுக எங்கிட்டச் சொல்லாம இருப்பாகளா? மொதலாளிகிட்ட நீங்க மாத்திச் சொன்னதும் பங்களாச் சமையக்கார அம்மா சொல்லித் தெரியும்."

நான் தரையைப் பார்த்தேன்.

"அவுகளுக்கு உங்க மேல வருத்தந்தான். இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா நான் உங்களக் கையெடுத்துக் கும்பிடத்தான் வந்தேன். ரெண்டு வருசமாண்ணே. காலையில அவுக வண்டி கெளம்புற சத்தம் கேட்டதும் சாமிக்கு வெளக்கு ஏத்துவேன். சாயங்காலம் வண்டிச் சத்தம் கேக்குறவரைக்கும் அத அணையவிடமாட்டேன். எங்கயாச்சும் ஒரு கதவு படார்னு சாத்துனாலும் வாசலுக்கு ஓடிருவேன். விட்டுட்டு வாங்கன்னா கேக்கமாட்டாக, மாப்ள கேட்டான்னு சொல்லிட்டுப் போவாக. அவுகளா விடமாட்டாக. நீங்க சொன்ன பொய்தான் அவுகள வெளிய கொண்டாந்துச்சு. இப்ப அச்சாபீஸ்ல கட்டிங் மெசின் பாக்கப் போறாக. நேத்து ராத்திரிதான் நான் அசந்து தூங்குனேன்."

உள்ளேயிருந்து என் மனைவி இரண்டு தம்ளர் காப்பியோடு வந்தாள். பாதியிலிருந்துதான் அவள் காதில் விழுந்திருக்கும். யாருடைய வண்டி, என்ன பொய் என்று கேட்கிற முகத்தோடு நின்றாள். வந்தவள் காப்பியை வாங்கிக்கொண்டு, மனசு நிறைந்தவர்கள் பேச்சோடு பேச்சாகக் கேட்பார்களே, அப்படிக் கேட்டாள்.

"ஆமாண்ணே, இப்ப அந்த ரூமுக்கு யாரு போறாக, பாவம்?"

என் மனைவியும் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அந்தப் பாவப்பட்டவன் யாரென்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"நான்தான்" என்றேன்.

என் மனைவி எனக்குக் கொண்டுவந்த தம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தாள். வந்தவள் காப்பியைக் கீழே வைத்தாள். மஞ்சள் பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தாள். எனக்குப் பூசிவிடப் போகிறாள் என்று நினைத்து நெற்றியைக் காட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய், என் மனைவியின் கையை இழுத்து, அந்தப் பொட்டலத்தை அதில் வைத்து விரல்களை மூடினாள்.